கோர்ட் என்னை வழக்கே போடக் கூடாது என்று சொல்ல முடியுமா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு வயது 68. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலத்தில் 1 ஏக்கர் 10 சென்டை 2004-ல் தம்பி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்து அப்பாவுடையதே இல்லை. 2008-ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். 2013-ல் பத்திரம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. கிணற்றில் எனக்கு முறைத் தண்ணீர் உண்டு என்று அதே தீர்ப்பில் சொல்லியும் தம்பி மோட்டார் ரூமைப் பூட்டி வைத்திருக்கிறான், அது வேறு கதை. சப் கோர்ட் அப்பீல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாம் அப்பீல் எல்லாம் 2018-க்குள் தள்ளுபடி. அதன் பிறகு வக்கீல் வைக்காமல் நானே ஆஜராகி வருகிறேன். இதுவரை மொத்தம் 11 வழக்கு. கடைசியாகப் போட்ட மனுவில் நீதிபதி 25,000 ரூபாய் செலவுத்தொகை போட்டதோடு, இப்படியே தொடர்ந்தால் 1949-ஆம் வருடச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்க நேரிடும் என்றும் எழுதிவிட்டார். இப்போது தம்பியின் வக்கீல், அந்தச் சட்டப்படி என்னைத் தடை செய்யக் கேட்கப் போவதாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என் கேள்விகள்: ஒரு குடிமகனை வழக்கே போடாதே என்று கோர்ட் சொல்ல முடியுமா? நான் வக்கீல் வைக்காததால்தான் இந்த இளக்காரமா? தனியார் கையெழுத்து நிபுணரிடம் புதிதாக அறிக்கை வாங்கியிருக்கிறேன். அதை வைத்துப் பன்னிரண்டாவது மனுவை நம்பர் ஆகும்படி, அதாவது கோர்ட் எண் கொடுத்துக் கோப்பில் ஏற்கும்படி, எப்படி எழுதுவது?

பதில்: ஐயா, வணக்கம். நீங்கள் அனுப்பிய நகல்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கேட்டது மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை நான் தரப் போவதில்லை. ஆனால் நீங்கள் "அது வேறு கதை" என்று தாண்டிப் போன ஒரு விஷயத்தைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: முடியும். அதற்கென்றே நம் மாநிலத்தில் 1949-லிருந்து அலைக்கழிக்கும் வழக்குகளைத் தடுக்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் மாகாணமாக இருந்தபோது, இங்கிலாந்தில் 1896-ல் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. மகாராஷ்டிரம்கூட 1971-ல்தான் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2005-ல் தன் 192-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அறிக்கையோடு நின்றுவிட்டது. ஆக இந்த விஷயத்தில் நாம்தான் மூத்தவர்கள். பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

சட்டம் மிகச் சின்னது. ஒருவர் நியாயமான காரணம் இல்லாமல், வழக்கமாகவே, பிறரை அலைக்கழிக்கும் வழக்குகளைப் போட்டு வருகிறார் என்று உயர் நீதிமன்றம் திருப்தி அடைந்தால், இனி அவர் அனுமதி வாங்காமல் சிவிலோ கிரிமினலோ எந்த வழக்கும் தொடுக்கக் கூடாது என்று உத்தரவு போடலாம். சென்னை நகரக் கோர்ட்டுகள் என்றால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி, மற்ற ஊர்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதி. உங்களுக்கு என்றால் திண்டுக்கல்லில் கேட்க வேண்டும். வழக்கில் மேலோட்டமாகப் பார்த்தாலே முகாந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் போட்டால், வழக்கின் நியாய அநியாயத்துக்குள் போகாமலே தள்ளிவிடுவார்கள். உத்தரவு அரசிதழிலும் வெளியாகும். பெயர் அச்சில் ஏறிவிடும் என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு உறைக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, தம்பியின் வக்கீல் நோட்டீஸ் விட்டதும் இதெல்லாம் நடந்துவிடாது. தம்பி நேராகப் போய் இந்த மனுவைப் போட முடியாது. அரசுத் தலைமை வழக்கறிஞர்தான் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தம்பி தரப்பு அவரிடம் கோப்பைக் கொடுத்துக் கேட்கலாம். போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவர் போட்டாலும் உங்களுக்கு நோட்டீஸ் வரும், உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு கிடையாது. நடைமுறையில் இந்தச் சட்டத்தைக் கோர்ட் அபூர்வமாகத்தான் கையில் எடுக்கிறது. ஆனால் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியே அதன் பெயரைச் சொல்லி உத்தரவில் எழுதிய பிறகு, "அபூர்வம்" என்பதை நம்பி உட்கார்ந்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டுக்குப் போவது என் அடிப்படை உரிமை என்று உங்கள் நகல்களில் எழுதியிருக்கிறீர்கள். இதே வாதம் ஏற்கெனவே டெல்லி வரை போய் வந்துவிட்டது. இந்த மெட்ராஸ் சட்டமே செல்லாது என்று ஒருவர் ஆந்திராவிலிருந்து உச்ச நீதிமன்றம் போனார். 1965-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அலைக்கழிக்கும் வழக்கைக் கேட்பாரில்லாமல் போட்டுக்கொண்டே இருப்பது எந்தக் குடிமகனுக்கும் பறிக்க முடியாத உரிமை ஆகிவிடாது என்பதுதான் அதன் சாரம். கதவைச் சாத்தவில்லை, வாசலில் ஒருவர் நின்று "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

வக்கீல் வைக்காததால் இளக்காரமா என்ற கேள்விதான் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கோர்ட்டில் சில இடங்களில் அந்த இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்க மாட்டேன். பெஞ்ச் கிளார்க் வக்கீல்களின் கேஸ்களை முதலில் கூப்பிடுவார். நீங்கள் மாலை வரை உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சொந்த வழக்கில் தானே ஆஜராகி வாதாடுவது எந்தக் கட்சிக்காரருக்கும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் பார்ட்டி-இன்-பெர்சனாக வாதாட வருபவரிடம் முதலில் ஒரு குழு பேசிப் பார்க்கும். உச்ச நீதிமன்றத்திலும் பதிவாளர் பேசி அறிக்கை தர வேண்டும் என்று 2013 விதிகளில் இருக்கிறது. கோர்ட்டுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல இவரால் முடியுமா என்று பார்க்கத்தான் அது. 1949 சட்டத்திலும் "வக்கீல் இல்லாதவர்" என்ற வார்த்தையே கிடையாது. வக்கீல் வைத்து 20 வழக்குப் போட்டவர் மேலும் அது பாயும். ஒரு அறக்கட்டளை 64 வழக்குகள் போட்டுத் தோற்ற விவகாரத்தில் 2017-ல் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்து, இனி எந்தக் கோர்ட்டிலும் பொதுநல வழக்கே போடக் கூடாது என்றும் சொன்னது.

அப்படியானால் ஏன் பெரும்பாலும் தானே வாதாடுபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்? வழக்கு கோர்ட்டுக்குப் போகும் முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல அவர்கள் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு வக்கீலின் வேலையில் பாதி, கட்சிக்காரரை மாடிப்படியிலேயே திருப்பி அனுப்புவது. (பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் போட்டுக் கொடுக்கும் வக்கீல்களும் எங்களில் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

பல வருடங்களுக்கு முன், நான் ஜூனியராக இருந்தபோது பார்த்த ஒரு காட்சி. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் கட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் எண் போட்டு, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போட்டு, என் சீனியர் கட்டைவிட நேர்த்தியாக இருந்தது. நீதிபதி பொறுமைசாலி. "பெரியவரே, போன தடவை இதே விஷயத்தைத் தள்ளியாகிவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். பெரியவர் கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போனார். கோர்ட் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, "ஐயா, 1987-ல் என்ன நடந்தது என்றால்..." என்று ஆரம்பித்தார். உங்கள் நகல்களைப் படிக்கும்போது அந்த மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது. மன்னியுங்கள்.

உங்கள் 11-ஐ எடுத்துக்கொள்வோம். 2008 வழக்கு, அப்பீல், இரண்டாம் அப்பீல், இந்த மூன்றையும் யாரும் குறை சொல்ல முடியாது. தீர்ப்பை அதே கோர்ட் மறுபடி பார்க்கக் கேட்ட ரிவ்யூ மனுவையும் விட்டுவிடலாம். மீதிதான் சிக்கல். 2019-ல் அதே பத்திரம் போலி என்று புதிய வழக்கு. அந்தப் பிராதை, அதாவது வழக்கு மனுவை, விசாரணைக்கே எடுக்காமல் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7 ரூல் 11-ன் கீழ் நிராகரித்தார்கள். அதன் மேல் அப்பீல். அப்புறம் தம்பி மேலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் மேலும் கிரிமினல் கோர்ட்டில் தனிப்புகார், அது தள்ளுபடி ஆனதும் மேல் கோர்ட்டில் ரிவிஷன். பத்திரப் பதிவை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட். 2022-ல் உங்கள் மனைவி பெயரில் ஒரு வழக்கு. கடைசியாக, அந்த வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு.

ரிவ்யூவோடு சேர்த்து எட்டுப் பேப்பரிலும் கேள்வி ஒன்றுதான்: 2004 பத்திரத்தில் இருப்பது அப்பா கையெழுத்தா? சிவில் நடைமுறைச் சட்டம் 11-வது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. ஒரு விஷயத்தை இரு தரப்பும் சாட்சி வைத்து விசாரித்து ஒரு கோர்ட் முடித்துவிட்டால், அதே தரப்பினருக்குள் அதே விஷயத்தை மறுபடி கிளப்ப முடியாது. மனைவி பெயரில் போட்டாலும் தப்பிக்க முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போது அந்த நிலத்தில் அவருக்கு உங்கள் வழியாக அன்றித் தனி உரிமை ஏது? பிராதைப் புத்திசாலித்தனமாக எழுதி, வழக்குக்குக் காரணம் இருப்பதுபோல ஒரு தோற்றத்தை மட்டும் உண்டாக்கியிருந்தால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள் என்று கீழ்க் கோர்ட்டுகளுக்கு நீதிபதி கிருஷ்ண ஐயர் 1977-லேயே சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை எதிர்த்தரப்பு வக்கீல்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

உங்கள் மனுக்களில் நான்கு இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கும் 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வருகிறேன். மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது, எந்தக் கோர்ட்டிலும் எப்போது வேண்டுமானாலும் அதைக் கிளப்பலாம் என்று சொன்னது அது. தானே வாதாடுகிற எல்லோர் பையிலும் இந்தத் தீர்ப்பு இருக்கும். நம் மாநிலத்திலிருந்து போன வழக்குதான். ஆனால் அதில் நடந்தது என்ன? தன் கையில் இருந்த ஒரு முக்கியப் பத்திரத்தைக் கோர்ட்டிடம் மறைத்து ஒருவர் டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் தரும் முறையான உத்தரவு) வாங்கியிருந்தார். அது கோர்ட்டையே ஏமாற்றியது. உங்கள் வழக்கில் பத்திரம் போலி என்று நீங்கள் சொன்னீர்கள், உண்மை என்று தம்பி சொன்னார், இரு தரப்பும் சாட்சி சொன்னீர்கள், கோர்ட் அவரை நம்பியது. தப்பாகவே நம்பியிருக்கட்டும். அப்படி ஒரு தப்பைச் சரிசெய்ய இருக்கும் வழிதான் அப்பீலும் இரண்டாம் அப்பீலும். இரண்டையும் நடந்து முடித்துவிட்டீர்கள்.

நிபுணர் அறிக்கையும் இதே கதைதான். ரிவ்யூ கேட்க, "எவ்வளவு முயன்றும் அப்போது தெரியாமல் போன புதிய, முக்கியமான விஷயம்" வேண்டும். 30 நாள் கெடு வேறு. இரண்டாவது ரிவ்யூவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கையெழுத்தை நிபுணருக்கு அனுப்பச் சொல்லி 2008-க்கும் 2013-க்கும் நடுவில் நீங்கள் ஒரு மனுப் போட்டிருக்கலாம். போடவில்லை. உங்கள் அப்போதைய வக்கீல் ஏன் போடவில்லை என்று எனக்கும் புரியவில்லை. இப்போது வாங்கிய அறிக்கையைப் புதிதாகக் கிடைத்த சான்று என்று கோர்ட் பார்க்காது, புதிதாகத் தயாரித்த சான்று என்றுதான் பார்க்கும். அதனால் பன்னிரண்டாவது மனுவை நம்பர் ஆகும்படி எழுத எனக்குத் தெரியாது. எழுதினாலும், "இம்மனு எவ்வாறு ஏற்கத்தக்கது?" என்று ஓரத்தில் எழுதி ரிட்டர்ன் ஆகும். நீங்கள் அதற்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதி மறுபடி கொடுப்பீர்கள். அந்த ரிட்டர்ன் சீட்டுகள் எல்லாம் தம்பி வக்கீலின் கோப்பில் போய்ச் சேரும்.

இனி அந்த "வேறு கதை".

2013 தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பரிகாரங்கள் இரண்டு. பத்திரம் செல்லாது என்று அறிவித்துப் பாகம் பிரித்துத் தர வேண்டும் என்பது ஒன்று. பிராதின் பி ஷெட்யூலில் (சொத்து விவரப் பட்டியலில்) உள்ள பொதுக் கிணற்றில் வாரத்தில் மூன்று நாள் உங்கள் முறையில் மோட்டார் ஓட்டித் தண்ணீர் எடுப்பதைத் தம்பி தடுக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டது மற்றொன்று. முதலாவது தள்ளுபடி. இரண்டாவதில் நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள், ஐயா. டிக்ரி ஆகியிருக்கிறது. தம்பி அந்தப் பகுதியை எதிர்த்து அப்பீலே போகவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக உங்கள் கையில் ஜெயித்த டிக்ரி ஒன்று இருக்கிறது. அதை மடித்து வைத்துவிட்டுத் தோற்றதற்காக எட்டு வழக்குப் போட்டிருக்கிறீர்கள்.

2015-லிருந்து மோட்டார் ரூமுக்குத் தம்பி பூட்டுப் போட்டிருக்கிறார் என்றும், உங்கள் முருங்கை இரண்டு கோடையாகக் காய்ந்து போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது டிக்ரியை நேரடியாக மீறுவது. இதற்குப் புது வழக்கு தேவையே இல்லை. டிக்ரி கொடுத்த அதே முன்சீப் கோர்ட்டில் ஆர்டர் 21 ரூல் 32-ன் கீழ் நிறைவேற்று மனு, நாங்கள் இ.பி. என்போமே, அதைப் போட வேண்டும். சாதாரண டிக்ரியை 12 வருடத்துக்குள் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அதனால் "காலம் கடந்துவிட்டதே" என்று பயந்துவிடாதீர்கள். நிரந்தரத் தடை டிக்ரியை அமல்படுத்தக் கேட்கும் மனுவுக்குக் காலவரம்பே கிடையாது என்று காலவரையறைச் சட்டம் 136-வது கூறில் தெளிவாக இருக்கிறது. புது வழக்குக்குக் கட்டுவது போல மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணமும் இல்லை. டிக்ரியை வேண்டுமென்றே மீறுகிறார் என்று நிரூபணமானால் தம்பியின் சொத்தை ஜப்தி செய்யலாம், அவரை சிவில் சிறையில் வைக்கலாம். எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பிரயோஜனமானது வேறு: கோர்ட் தானே ஆள் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டு அதன் செலவை அவரிடம் வசூலிக்கவும் அந்த விதியில் இடமுண்டு. தடையுத்தரவு டிக்ரிக்கும் இது பொருந்தும் என்று 2002 திருத்தத்தில் விளக்கம் சேர்த்தார்கள். அதாவது, பூட்டைத் திறக்க வைக்கலாம்.

இ.பி. போட்ட கோர்ட் டிக்ரிக்குப் பின்னால் போய் ஆராய முடியாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இத்தனை நாள் உங்களுக்கு எதிராக வேலை செய்த அந்த "முடிந்தது முடிந்ததுதான்" என்கிற சட்டம் இங்கே உங்கள் பக்கம் நிற்கும். கிணறு எனக்கு மட்டும்தான் என்று தம்பி இப்போது வாயைத் திறக்க முடியாது.

ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். "எப்போதும் தடுக்கிறான்" என்று எழுதினால் நிற்காது. எந்தத் தேதி, உங்கள் முறை நாளா, காலையா மாலையா, யார் பார்த்தார்கள், பூட்டு யாருடையது என்று கேட்பார்கள். அடுத்த உங்கள் முறை நாளில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பூட்டை நீங்கள் உடைக்க வேண்டாம். உடைத்தால் அன்று மாலையே உங்கள் மேல் ஸ்டேஷனில் புகார் இருக்கும். டிக்ரி நகலோடு ஒரு பதிவுத் தபால் அனுப்பி, இன்ன கிழமைகளில் சாவி வேண்டும் என்று கேளுங்கள். கீழ்ப்படிய வாய்ப்பு இருந்தும் கீழ்ப்படியவில்லை என்று காட்ட அது உதவும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான அட்டை, முருங்கை பயிரிட்டதைக் காட்டும் அடங்கல், இரண்டும் வேண்டும். மனு மூன்று பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் 2004 பத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட வரக் கூடாது. இந்த நிபந்தனைதான் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இ.பி.க்கு முன்னால் செய்ய வேண்டியவை சில. 25,000 ரூபாயைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் எந்தக் கோர்ட்டில் நின்றாலும் எதிர்த்தரப்பின் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். மனைவி பெயரில் உள்ள 2022 வழக்கை வாபஸ் வாங்குங்கள். மறுபடி போட அனுமதி கேட்காமல், சும்மா வாபஸ். அந்த வழக்கில் நீங்கள் பவர் ஏஜென்ட் என்ற முறையில் வாதாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பவர் பத்திரம் கையெழுத்துப் போடவும் தாக்கல் செய்யவும்தான். இன்னொருவருக்காக வாதாடக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். மனைவியாக இருந்தாலும் அதேதான். வழக்கை மாற்றக் கேட்ட மனுவில் முன்சீப் நீதிபதி தம்பியிடம் "விலைபோய்விட்டார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அவமதிப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உங்கள் வயதைப் பார்த்துச் செலவுத்தொகையோடு விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இ.பி. போடப் போவதும் முன்சீப் கோர்ட்டில்தான்.

இதையெல்லாம் செய்த பிறகும் 1949 சட்டத்தில் நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரே தாளில் 11 வழக்கையும் வரிசையாக எழுதி, எது நியாயமான அப்பீல், எதை நானே வாபஸ் வாங்கிவிட்டேன் என்று காட்டுங்கள். பத்திரத்தைப் பற்றி இனி எந்த வழக்கும் போட மாட்டேன் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். வெறும் எண்ணிக்கையை வைத்து யாரையும் அலைக்கழிப்பவர் என்று சொல்லிவிட முடியாது; வழக்கமாக, நியாயமான காரணம் இல்லாமல் என்ற இரண்டும் சேர வேண்டும். நிறுத்திவிட்ட ஒருவரைத் தடுக்கக் கோர்ட்டுக்கும் பெரிய அவசரம் இருக்காது. ஆனால் இ.பி.யைத் தள்ளிப் போடாதீர்கள். தடை உத்தரவு வந்த பிறகு போட நேர்ந்தால், இதற்கு மாவட்ட நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டுமா வேண்டாமா என்று அதற்கே தனியாக ஒரு வாதம் கிளம்பும்.

இந்த இ.பி.யை மட்டும் ஒரு வக்கீல் வைத்து நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குறுக்கு விசாரணை வரும். அங்கே கோபம் உங்களைக் காலை வாரிவிடும். செலவு பிரச்சினை என்றால் உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வருமான வரம்பு உண்டு. உங்கள் பென்ஷன் அதற்குள் வருமா என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பதால், 2022 வழக்கை வாபஸ் வாங்க உங்கள் மனைவிக்கு அங்கேயே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

நீங்கள் அனுப்பியது சாதாரண ஜெராக்ஸ். திங்கட்கிழமை முன்சீப் கோர்ட் நகல் பிரிவில் மனுப் போடுங்கள். தீர்ப்பு நகல் ஒன்று, டிக்ரி நகல் ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பலரும் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இ.பி.க்கு டிக்ரி நகல்தான் முக்கியம். கட்டு பழையது, பதிவறையிலிருந்து எடுக்க நாளாகும். அதற்குள் பூட்டுப் போட்ட தேதிகளை நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.